கத்தினால்தான் வேலை நடக்குமா?

கேள்வி:

எனக்கு வயது 36. கொழும்புக் கோட்டையில், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். போன வருடம் இறக்குமதிப் பிரிவுக்கு என்னை முகாமையாளராக்கினார்கள். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் காரியாலயத்தில் ஆவணங்களைப் பார்க்கிறவர்கள், மற்றவர்கள் துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் ஓடுகிற வார்ஃப் கிளார்க்மார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு.

எனக்கு முன்னால் இருந்த முகாமையாளர் கத்துவார், கோப்புகளைத் தூக்கி எறிவார். ஆனால் வேலை நடந்தது. நான் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கேள்வித்தாளை நிரப்பினேன், எனக்கு ‘ஜனநாயகப் பாணி’ என்று வந்தது. அதன்படி எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டு முடிவெடுக்கப் பார்த்தேன். ஒரு சரக்குக்கு எந்த எச்.எஸ். கோட் (சுங்கத்துக்கான பொருள் வகைப்படுத்தல் இலக்கம்) போடுவது என்று இரண்டு நாள் கதைத்துக்கொண்டே இருந்ததில் துறைமுகத்தில் கட்டணம் இல்லாமல் சரக்கை வைத்திருக்கிற இலவச நாட்கள் முடிந்து, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. பணிப்பாளர் கூப்பிட்டு, “உங்களிடம் ஒரு பாணி இல்லை” என்றார். அடுத்த வாரம் நானும் கத்தத் தொடங்கினேன். ஆவணப் பகுதியில் இருந்த ஒரு பிள்ளை அழுதுகொண்டு போய் இராஜினாமாக் கடிதம் தந்துவிட்டாள்.

54 வயதான மூத்த வார்ஃப் கிளார்க் ஒருவர் என்னிடம் எதையும் சொல்வதில்லை. நேரே பணிப்பாளரிடம் போகிறார். வாடிக்கையாளர் முன்னாலேயே என்னை ‘நங்கி’ (சிங்களத்தில் தங்கச்சி) என்று கூப்பிடுகிறார்.

எனக்கென்று ஒரு தலைமைத்துவப் பாணியை எப்படி உருவாக்குவது? வார இறுதியில் எம்.பி.ஏ. படித்தால் இதெல்லாம் சரியாகுமா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய முகாமையாளரைப் பற்றி, “ஆனால் வேலை நடந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை இவ்வளவு தூரம் குழப்பி வைத்திருப்பது அந்த நினைப்புத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர் கத்தியதால் வேலை நடந்தது என்று நான் நம்பவில்லை. எந்தக் கொன்டெய்னருக்கு இன்றைக்கு டிஓ (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் கப்பல் நிறுவனத்தின் கடிதம்) எடுக்க வேண்டும், எதற்கு இலவச நாட்கள் நாளையோடு முடிகின்றன, எந்தச் சரக்கின் ஆவணங்கள் இன்னும் வங்கியிலிருந்து வரவில்லை என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்திருக்கும். நாள் நெருங்க நெருங்க அவருடைய சத்தம் கூடியிருக்கும். மற்றவர்கள் தேதியைப் பார்க்கத் தேவையில்லை, அவருடைய குரலைக் கேட்டால் போதும். நீங்கள் வந்து அந்தச் சத்தத்தை நிறுத்தினீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் தேதியை ஞாபகப்படுத்துகிற ஏற்பாடும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அந்த இடத்தில் நீங்கள் வேறொன்றையும் வைக்கவில்லை. டெமரேஜ் வந்தது அதனால்தான். நீங்கள் மென்மையானவர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதற்கு அவரிடம் ஏச்சு விழும், எதற்கு விழாது என்று உங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை இருந்த மாதிரியே வெள்ளிக்கிழமையும் இருந்தார். உங்களிடம் அது இல்லை. ஒரு மாதம் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டீர்கள், அடுத்த மாதம் கத்தினீர்கள். இன்றைக்கு உங்களிடம் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பன்னிரண்டு பேர் காலையில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பணிப்பாளர் ‘பாணி இல்லை’ என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் பல வருடங்களாக மனிதவளத் துறையில் வேலை செய்கிறேன். அமைதியான முகாமையாளர்களிடமும் கறாரானவர்களிடமும் ஆட்கள் சந்தோஷமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதிகம் பேசாதவர்களிடமும் அப்படித்தான். ஆட்கள் தங்காமல் ஓடிப்போன இடம் ஒன்றுதான். எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாத முகாமையாளர் இருக்கிற இடம். உங்களுக்கென்று ஒரு பாணி வேண்டுமானால், எந்த விடயங்களில் நீங்கள் என்றைக்கும் மாற மாட்டீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவற்றில் ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ற மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது முழுக்க அதுதான்.

முதலில் அந்த ‘ஜனநாயகப் பாணி’ விடயத்தைத் தீர்த்துவிடுவோம். பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி அடிபடும் இந்தச் சொல், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர் கேர்ட் லெவினும் அவரோடு வேலை செய்தவர்களும் அயோவா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. 1939இல் வெளியானது. பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்துக் கைவேலைகள் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிடுவார். இன்னொரு வகையினர் பையன்களோடு பேசித் திட்டமிடுவார்கள். மூன்றாவது வகையினர் எதிலும் தலையிடாமல் விட்டுவிடுவார்கள். கட்டளையிடுகிற தலைவர் அறைக்குள் இருக்கும்வரை பையன்கள் மும்முரமாகத்தான் வேலை செய்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. அவர் வெளியே போனவுடன் வேலை படுத்துவிட்டது. பேசித் திட்டமிட்ட குழுக்களில் தலைவர் வெளியே போனாலும் வேலை ஏறத்தாழ அப்படியே போய்க்கொண்டிருந்தது. உங்கள் பழைய முகாமையாளர் லீவில் போன நாட்களை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதியும் அதில் உண்டு. அந்த ஆய்வில் ஜனநாயகத் தலைவர் என்று சொல்லப்பட்டவர், தொழில்நுட்ப விடயம் ஒன்று வந்தால் சும்மா இருக்கவில்லை. “இப்படிச் செய்யலாம், அல்லது அப்படிச் செய்யலாம்” என்று இரண்டு மூன்று வழிகளைத் தானே முன்வைப்பார். பையன்கள் அதிலிருந்து தெரிவு செய்வார்கள். முழுவதையும் அவர்களிடமே விட்டது மூன்றாவது வகைத் தலைவர். அந்தக் குழுக்கள்தான் குறைவாகவும் மோசமாகவும் வேலை செய்தன. எச்.எஸ். கோட் விடயத்தில் நீங்கள் நடந்துகொண்டது அந்த மூன்றாவது வகைக்குத்தான் கிட்ட வருகிறது. கேள்வித்தாள் உங்களுக்குக் கொடுத்த பெயரை நம்பி நீங்கள் செய்தது வேறொன்று. அந்தக் கேள்வித்தாளும் உங்களைப் பற்றி நீங்களே நினைப்பதைத்தான் உங்களிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறது. உங்களோடு வேலை செய்கிற பன்னிரண்டு பேரில் ஒருவரிடமும் அது கேட்கவில்லை. அதை அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

எச்.எஸ். கோட் எல்லோருடைய கருத்தையும் கேட்டு முடிவு செய்கிற விடயமே இல்லை. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் ஆறு இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பின் வகைப்படுத்தலில் இருந்து வருகின்றன, அதற்கு மேல் நம் நாட்டு இலக்கங்கள். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதற்கு எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. உங்கள் பிரிவில் அந்த விதிகளை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அதில் நீங்களும் ஒருவர் என்றே நினைக்கிறேன். அவர்களோடு அரை மணித்தியாலம் இருந்து முடிவெடுத்துவிட்டு, காரணத்தைக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். சந்தேகம் தீரவில்லை என்றால் சரக்கு வருவதற்கு முன்பே சுங்கத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம். யார் வார இறுதியில் வருவது, புதிய பிள்ளைக்கு யார் வேலை பழக்குவது, வாடிக்கையாளரின் தொலைபேசியை யார் எடுப்பது போன்ற விடயங்கள் வேறு. அவற்றைச் செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான், அவர்களிடமே கேளுங்கள்.

ரொபர்ட் டனன்போம், வொரன் ஷ்மிட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1958இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு முனையில் தானே முடிவெடுத்து அறிவிக்கிற தலைவர், மறு முனையில் முடிவையே குழுவிடம் விடுகிற தலைவர், நடுவில் பல படிகள். எந்தப் படியில் நின்றாலும் அதை ஆட்களுக்கு முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் அழுத்திச் சொன்ன விடயம். உங்களுக்கு இன்றைக்கே உதவக்கூடியது இதுதான். கூட்டம் தொடங்கும்போது ஒரு வசனம் சொல்லுங்கள். “இதை நான் முடிவு செய்துவிட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.” அல்லது, “உங்களிடம் கேட்கப் போகிறேன், பிறகு நான் முடிவு செய்வேன், பின்னேரம் மூன்று மணிக்கு முன்னால்.” அல்லது, “இது உங்கள் முடிவு, நான் ஏற்றுக்கொள்வேன்.” முதலாவதைச் சொல்லிவிட்டு ஆலோசனை கேட்கிற மாதிரி நடிக்காதீர்கள். மூன்றாவதைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றாதீர்கள், ஒரே ஒருமுறை மாற்றினால் அடுத்த தடவை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, அந்தச் சத்தத்துக்குப் பதிலாக என்ன வைப்பது? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் ஒழுங்கான ஆள் என்று தெரிகிறது. எது எதற்குப் பிறகு நடந்தது, யாருக்கு எத்தனை வயது என்பதெல்லாம் சரியாக வரிசையில் இருக்கிறது. பதினொரு வருடம் ஆவணங்களோடு இருந்தவர். உங்களிடம் இருக்கிற அந்தக் குணத்திலிருந்துதான் உங்கள் பாணி வர வேண்டும், ஹோட்டலில் கேட்ட விரிவுரையிலிருந்து வராது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். கையில் இருக்கிற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி, கடைசி இலவச நாள் சிவப்பு மையில், பக்கத்தில் பொறுப்பானவரின் பெயர். காலை எட்டரைக்குப் பலகையின் முன்னால் நின்றபடியே பதினைந்து நிமிடம். துறைமுகத்துக்கு நேரே போகிறவர்கள் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தன் வரியைத் தானே வாசிக்க வேண்டும், நீங்கள் வாசிக்கக் கூடாது. இரண்டு நாளில் முடியப் போகிற வரி இருந்தால், “உங்களுக்கு என்ன தடை? நான் யாருக்குப் போன் பண்ண வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். இதை ஒரு நாளும் தவறவிடாமல் செய்தால், மூன்று மாதத்தில் உங்கள் பிரிவின் அவசரம் உங்கள் தொண்டையிலிருந்து சுவருக்குப் போய்விடும்.

ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறலாம் என்றேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போல் ஹெர்ஸி, கென் பிளன்சார்ட் என்ற இருவர் 1969இல் முன்வைத்த கருத்து இது. எவ்வளவு சொல்லிக் கொடுக்க வேண்டும், எவ்வளவு விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் குறிப்பிட்ட வேலையில் அந்த ஆள் எவ்வளவு தேறியவர் என்பதைப் பொறுத்தது. உங்கள் 54 வயதுக்காரருக்குத் துறைமுக வேலையை ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. எந்த முற்றத்தில் பரிசோதனை, எந்த வரிசை எத்தனை மணிக்குக் குறையும் என்பது அவருக்கு மனப்பாடம். அதில் தலையிட்டால் கோபம்தான் வரும். ஆனால் அவரே சுங்கத்தின் கணினி முறையான அஸிகுடாவில் ஒரு என்ட்ரியை, அதாவது சரக்குப் பிரகடனத்தை, திருத்த வேண்டி வந்தால் தடுமாறக்கூடும். அப்போது பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும், அதுவும் மற்றவர்கள் பார்க்காத இடத்தில். ஏ.எல். முடித்துவிட்டு வந்த பையன் கணினியில் பறப்பான், துறைமுக வாசலில் திகைத்து நிற்பான். அவனுக்கு ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்வது கொடுமை இல்லை. “எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன்” என்று சொல்கிற முகாமையாளர்கள் பலருக்கு இது விளங்குவதில்லை.

இனி, மாறவே கூடாதவை. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

முதலாவது, கெட்ட செய்தியை நீங்கள் வாங்குகிற விதம். ஹார்வார்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக நடக்கிற குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்ணிக்கையோ நேர்மாறாக இருந்தது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது, அவர்கள் அதிகம் பிழை விடவில்லை, நடந்த பிழையைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்று தெரிந்தது. மற்றக் குழுக்களில் மறைத்துவிட்டார்கள். உங்கள் தொழிலில் இது பணமாகவே தெரியும். தவறான பெறுமதி போட்ட என்ட்ரியை ஒருவர் அன்றைக்கே வந்து சொன்னால் திருத்துவதற்கு வழி இருக்கும். பரிசோதனையில் சுங்க அதிகாரி கண்டுபிடித்தால் தண்டம் கட்ட வேண்டும், வாடிக்கையாளரும் போய்விடுவார். அதனால் பிழையைச் சொல்லிக்கொண்டு யார் உங்கள் மேசைக்கு வந்தாலும், உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வசனம் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். “சொன்னது நல்லது. இப்போது என்ன செய்யலாம்?” யார் பிழை என்ற விசாரணை மறுநாள். கோபம் வரும்தான். அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, லீவு. ஒரு முகாமையாளர் எப்படிப்பட்டவர் என்று ஊழியர்கள் முடிவு செய்வது பெரிய கூட்டங்களில் இல்லை. லீவுப் பத்திரத்தை நீட்டும்போதுதான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, முதல் வருடம் முடிந்தவருக்கு வருடாந்த லீவு 14 நாள், சமயோசித லீவு 7 நாள். அது உரிமை, உங்கள் தயவு இல்லை. ஆனால் துறைமுகம் பெருநாள் பார்த்து நிற்பதில்லை, யாராவது ஒருவர் வரத்தான் வேண்டும். சித்திரைப் புத்தாண்டில் யார் வருவது, வெசாக்குக்கு யார், ரமழானுக்கு யார், தீபாவளிக்கு யார் என்பதை வருடத் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டு அந்த வெள்ளைப் பலகையின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சித்திரையில் முஸ்லிம் நண்பர்கள் கைகொடுப்பார்கள், ரமழானில் மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முக்கியமான கூட்டம் வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் வந்து கேட்டு, நீங்கள் ‘சரி, போங்கள்’ என்று விடுகிற நிலைமையே இருக்கக் கூடாது. பட்டியலில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் நீங்கள் வந்து உட்கார்ந்திருந்தால், அதை எல்லோரும் கவனிப்பார்கள்.

மூன்றாவது விடயத்தை எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அழுதுகொண்டு போன பிள்ளை யார் என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளையாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரில் தமிழ் முகாமையாளர்கள் பலரிடம் நான் பார்த்த ஒரு பழக்கம் இது. சிங்கள ஊழியரோடு கதைக்கும்போது வசனத்தை யோசித்து, மரியாதையாக, அளந்து கதைக்கிறோம். தமிழ் ஊழியரிடம் தாய்மொழியில் கோபம் தடையில்லாமல் வந்துவிடுகிறது. அது போதாதென்று, “தன் ஆட்களுக்குச் சலுகை கொடுக்கிறாள்” என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், நம் ஆட்களுக்கு லீவை இரண்டு தடவை யோசித்துத்தான் கொடுக்கிறோம், பிழையைப் பெரிதாக்குகிறோம். அந்தப் பிள்ளைகள் இதை நன்றாக உணருவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். இது உங்களிடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால், ஒருவருடைய வேலையைப் பற்றிக் குறை சொல்லப் போகும்போது, இதே விடயத்தைச் சிங்களத்தில் இன்னொருவருக்கு எப்படிச் சொல்லியிருப்பேன் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்த அளவு மரியாதை தமிழிலும் இருக்கட்டும். அதேபோல, எல்லோருக்கும் பொதுவான வேலை அறிவுறுத்தலை எல்லோருக்கும் விளங்குகிற மொழியில் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் என்ன மொழியில் கதைத்தாலும் ஒருவரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. வேலைச் செய்தியைப் பாதிப் பேருக்கு விளங்காத மொழியில் சொன்னால், மற்றவர்கள் வேறு கதை கட்டுவார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வருவோம். அவள் இன்னும் அறிவித்தல் காலத்தில் இருக்கிறாள் என்றால், நாளைக்கே கதையுங்கள். நீங்கள் கத்தியது எல்லோர் முன்னாலும் என்றால், மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான். “அன்றைக்கு நான் கதைத்த விதம் பிழை. வேலையில் இருந்த குறை வேறு, அதை உங்களோடு தனியாகக் கதைக்கிறேன்.” இவ்வளவு போதும். இராஜினாமாவைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், மன்னிப்பு பேரம் மாதிரி ஆகிவிடும். அவள் போவதென்றால் நல்ல சேவைச் சான்றிதழோடு போகட்டும். 2022க்குப் பிறகு இந்த ஊரிலிருந்து எத்தனை இளம் ஆட்கள் துபாய்க்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஓர் ஆவணக் கிளார்க்கைப் பழக்கி எடுப்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதும் தெரியும். மிச்சம் இருக்கிறவர்கள் நீங்கள் அவளை எப்படி அனுப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூத்த வார்ஃப் கிளார்க் உங்களைத் தாண்டிப் பணிப்பாளரிடம் போவதை நீங்கள் அவருடைய குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. அவர் போகிறார், பணிப்பாளர் கதவைத் திறக்கிறார். பல வருடப் பழக்கம் அது. நீங்கள் முகாமையாளரான அன்றைக்கு அந்தப் பழக்கத்தை ஒருவரும் மாற்றச் சொல்லவில்லை. எனவே முதலில் கதைக்க வேண்டியது பணிப்பாளரிடம். முறைப்பாடாக வேண்டாம், உதவி கேட்கிற மாதிரி. “அவர் உங்களிடம் வந்தால் ‘முகாமையாளரிடம் சொன்னீர்களா?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள்.” பணிப்பாளர் இதைச் செய்தால் இரண்டு மாதத்தில் பாதிப் பிரச்சினை தீரும். செய்யாவிட்டால், நீங்கள் எந்தப் பாணியைப் பழகினாலும் பிரயோசனமில்லை. அதையும் அவரிடம் மரியாதையாகச் சொல்லத்தான் வேண்டும். ‘பாணி இல்லை’ என்று சொன்னவருக்கு இதைக் கேட்கிற கடமையும் இருக்கிறது.

மற்றப் பாதி உங்கள் கையில். ஒரு நாள் காலையிலிருந்து அவரோடு துறைமுகத்துக்குப் போங்கள். மேற்பார்வை செய்யப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். எந்த இடத்தில் நேரம் வீணாகிறது, காரியாலயத்திலிருந்து பிந்தி வருகிற எந்தக் கடதாசியால் அவர் வெயிலில் நிற்க வேண்டி வருகிறது என்று கேளுங்கள். திரும்பி வந்து அதில் ஒன்றையாவது அந்த வாரமே சரி செய்யுங்கள். டொலர் தட்டுப்பாட்டில் அத்தியாவசியப் பொருட்களின் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த 2022இல் அவரைப் போன்றவர்கள்தான் ஓடித் திரிந்து வேலையைக் கொண்டுபோனார்கள். அந்த மனிதருக்குத் தன்னைவிடப் பதினெட்டு வயது குறைந்தவரிடம் அறிக்கை கொடுப்பது இலேசான காரியம் இல்லை. அதை விளங்கிக்கொண்டவராகவே அவரிடம் கதையுங்கள். ஆனால் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பலகையில் இருக்கிற சரக்கைப் பற்றிய எந்தச் செய்தியும் முதலில் உங்களுக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘நங்கி’ என்பதை விட்டுவிடுங்கள். அவர் உங்களிடம் தகவல் தரத் தொடங்கினால் அது உங்களை உறுத்தாது.

இந்த மாதம் முழுக்க ஒரு சின்ன வேலையும் செய்யுங்கள். வெள்ளவத்தைக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகும்போது, அன்றைக்கு எடுத்த ஒரு முடிவைப் பற்றி நாலு வரி போனில் எழுதி வையுங்கள். யாரிடம் கேட்டேன், எவ்வளவு நேரம் எடுத்தது, எப்படிச் சொன்னேன், சொல்லும்போது யாருடைய முகம் மாறியது. மாத முடிவில் சேர்த்து வாசித்தால், எங்கே நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள், எங்கே நழுவுகிறீர்கள், யாரிடம் மட்டும் குரல் உயருகிறது என்பது வெளிச்சமாகிவிடும். ஆட்களிடம் “நான் எப்படி இருக்கிறேன்?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கிறீங்க மிஸ்” என்றுதான் பதில் வரும். “போன வாரம் நான் செய்த எந்த விடயத்தால் உங்கள் வேலை பிந்தியது?” என்று கேட்டால் ஏதாவது சொல்வார்கள். சொன்னவுடன் விளக்கம் கொடுக்காதீர்கள், எழுதிக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

கடைசியாக எம்.பி.ஏ. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பொரளையில் உள்ள பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனமான பி.ஐ.எம்.மிலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம். இரண்டும் மதிப்பான இடங்கள். நிதி, சந்தைப்படுத்தல், வணிக உத்தி என்று உங்கள் துறைக்கு வெளியே இருக்கிற உலகம் விளங்கும். பிறகு பணிப்பாளர் நாற்காலிக்கோ வேறு நிறுவனத்துக்கோ போகிற எண்ணம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். ஆனால் இப்போது எழுதியிருக்கிற பிரச்சினைக்கு மருந்தாக அதைப் படிக்க வேண்டாம். உங்கள் பிரிவு இந்த நிலைமையில் இருக்கும்போது சனி ஞாயிறையும் வகுப்புக்குக் கொடுத்தால், காலை எட்டரைக் கூட்டத்துக்குக் களைத்துப்போய்த்தான் வருவீர்கள். அடுத்த வருடத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் தருமா என்று பணிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் மூத்தவரைப் பற்றிக் கதைக்கப் போகிற அந்தச் சந்திப்பில் வேண்டாம், அதற்கு அடுத்ததில் கேளுங்கள்.